பகலில் ஓடாத ஃபிரிட்ஜ்

வேன்காரர் வீட்டில் முதலில் நின்றது செய்தித்தாள். அப்புறம் கேபிள். அப்புறம் கறி. அதற்குமேல் நிறுத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் சின்னச் சின்னதாகக் குறைக்க ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. ஆரம்பித்தது அவர் மனைவி. அவர் தலையாட்டினார்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அது. வேன் முதலாளியுடையது, ஓட்டுவது மட்டும் இவர். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை என்று ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமே சொந்தமாக பஸ் வாங்கியதும் பாதிப் பிள்ளைகள் அதில் ஏறிக்கொண்டார்கள். இரண்டு நடை ஒரு நடையாயிற்று. சம்பளமும் கூடவே இறங்கியது. மகள் வெளியூரில் விடுதியில் தங்கி மூன்றாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செலவில் கை வைப்பதில்லை என்று புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள். மற்ற எல்லாவற்றிலும் கை வைத்தார்கள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மளிகைக்கடையின் பின்னறையில். மூட்டையில் வரும் பருப்பையும் சர்க்கரையையும் அரைக்கிலோ, கால்கிலோ என்று எடைபோட்டுப் பையில் அடைத்து, பையின் வாயைச் சூட்டுக்கம்பியில் வைத்து ஒட்ட வேண்டும். பதினாலு வருஷம். ஒரு தடவை அள்ளினால் கால்கிலோ. தராசில் வைத்தால் முள் சரியாக நிற்கும். சில நாள் தராசு பழுதாகிக் கிடக்கும். முதலாளி கண்டுகொள்ள மாட்டார். "அதான் இன்னொரு தராசு இருக்கே" என்று அவளைக் காட்டுவார். கடையில் சின்னவர்களுக்கு அவள் தராசக்கா.

அந்தக் கையோடு அவள் வீட்டுக்குள் வந்தாள். புதுச் சோப்பை நூலால் இரண்டாக அறுத்தாள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்தாள். டீத்தூள் முக்கால் கரண்டி ஆனது. அரிசியை முன்கூட்டியே ஊறவைத்தாள். பாதி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பானையைப் பழைய கம்பளியில் சுற்றி மூலையில் வைத்தாள். சோறு தானாக வெந்தது. துணி அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போனது. ஆள் இருக்கும் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே அறையில் இருந்தார்கள்.

"மந்திரி, இன்னிக்கு எதுல வெட்டு?" என்பார் வேன்காரர், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"உங்க வாயில."

"மூச்சு விடறதுல ஏதாச்சும் மிச்சம் புடிக்கலாமான்னு பாரு."

"ஒரு மூக்கால விடுங்க. போதும்."

அவர் ஒரு விரலால் மூக்கை அடைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு இழுப்பார். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த நாட்கள் மோசமானவை அல்ல.

கரண்ட் பில் மட்டும் இறங்கவில்லை. அவள் அதை ஒரு அவமானமாகவே எடுத்துக்கொண்டாள்.

கடையில் பில் போடும் பெண் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது செல்போனை நீட்டினாள். யாரோ ஒரு அம்மா அதில் வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"தராசக்கா, இதப் பாருங்க. ஃபிரிட்ஜ்தான் திருடனாம். நாம வீட்டுல இல்லாதப்பவும் அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்காம்."

"அதுக்காக நிறுத்திட முடியுமா? அவரு மருந்து இருக்கே உள்ள."

"எந்நேரமும் ஓடணும்னு என்ன இருக்கு? மீன் வண்டி பாத்திருக்கீங்கல்ல. கரண்டா இருக்கு அதுல? ஐஸப் போட்டு மூடி எவ்ளோ தூரம் வருது."

"மீனும் மருந்தும் ஒண்ணா?"

"குளிர் ஒண்ணுதானேக்கா."

பில் போடும் பெண் எதையும் ஒரு நொடிக்குள் யோசித்துச் சொல்பவள். தராசக்கா அப்படி இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். ஒரு பக்கம் இதை வைத்தாள், மறுபக்கம் அதை வைத்தாள்.

வேன்காரருக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் இன்சுலின் போட்டுக்கொள்வார். வயிற்றுச் சதையைப் பிடித்துத் தானே குத்திக்கொள்வார். மருந்தை மூன்று மாசத்துக்குச் சேர்த்து வாங்கினால் மொத்தக் கடையில் குறைத்துத் தருகிறார்கள் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். குப்பிகள் ஃபிரிட்ஜின் கதவில் வரிசையாக நின்றன.

அவள் செய்த ஏற்பாடு இது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜை அதிகக் குளிரில் ஓடவிடுவாள். மேல் பெட்டியில் நாலு பாட்டில் தண்ணீர் கல்லாக உறைந்திருக்கும். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்முன் அந்த நாலு பாட்டிலையும் கீழ்த்தட்டுக்கு மாற்றுவாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடுவில் மருந்து. முதலில் குப்பிகளை அட்டைப்பெட்டியோடு வைத்தாள். பிறகு, அட்டைக்குள் இருந்தால் குளிர் எப்படிப் போய்ச் சேரும் என்று தோன்றிற்று. பெட்டிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குப்பிகளை ஐஸ் பாட்டிலோடு பாட்டிலாகச் சாய்த்து, எல்லாவற்றையும் ஒரு துண்டால் இறுக்கிச் சுற்றினாள். பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி. பிறகு சுவிட்சை அணைத்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, வேன்காரர் பார்த்துக்கொண்டிருக்கத் துண்டைப் பிரித்தாள். பாட்டிலில் இன்னும் பாதி ஐஸ் இருந்தது. ஒரு குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

அடுத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வேன்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வீட்டு பில்லுதானா? பக்கத்து வீட்டுக்காரனுது மாறி வந்துருச்சா?"

"ஏன், நம்ம வீட்டுக்குக் கொறையக் கூடாதா?"

"மந்திரி, நாட்டையே உங்கிட்டக் கொடுக்கலாம்."

"கொடுத்தாத்தானே."

அன்று அவள் முக்கால் கரண்டிக்குப் பதில் முழுக் கரண்டி டீத்தூள் போட்டாள்.

வெயில் ஏறியது. வேன்காரருக்குத் தாகம் எடுத்தது. வெயில் காலம்தானே என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். வேனில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் மூன்று வைத்துக்கொண்டார். நடுவழியில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கிப் போக வேண்டியிருந்தது. "வேன் மாமா, மறுபடியுமா?" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். பத்து நாளில் இன்னொன்று.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார். இறங்கவில்லை. இன்னும் கூட்டினார்.

"வெளில ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்ல சார்."

"ஸ்வீட்டு, கூல்டிரிங்க்ஸ்?"

"கிட்டவே போறதில்ல சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்றார் டாக்டர், அவரைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். ஷேர் ஆட்டோவை அவர்கள் விட்டு ஆறு மாசம் ஆகியிருந்தது. பாதி வழியில் அவள் நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள்.

"எத?"

"என்ன தின்னீங்க?"

"நீ போட்டதத் தின்னேன்."

"நான் போட்டதுல ஏறாது. அளந்து போடறேன்."

"அப்ப காத்தத் தின்னு ஏறுது போல."

"வெளையாடாதீங்க. மருந்தக் கூட்டியும் இறங்கலன்னா என்ன அர்த்தம்? உள்ள எதுவோ போகுதுன்னு அர்த்தம்."

"உன் தராசு சொல்லுதா?"

"ஆமா. சொல்லுது."

"அது பருப்பு நிறுக்கற தராசு. மனுஷன நிறுக்காது."

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தாள். காலையில் இருந்த எடைதான். ஆக, வீட்டில் இல்லை. வெளியேதான்.

மறுநாள் வேனைக் கழுவ ஒத்தாசை செய்கிறேன் என்று போனாள். பின் சீட்டுக்குக் கீழே கிரீம் ஒட்டிய பேக்கரிக் காகிதம் கிடந்தது. வெளியே எடுத்து நீட்டினாள்.

"பிள்ளைங்க போட்டது," என்றார் அவர்.

"பிள்ளைங்க போட்டதா."

"முப்பது பிள்ளைங்க ஏறுது இறங்குது. பல்லுகூடக் கெடக்கும் அதுல. அதுவும் என்னுதா?"

அன்றிலிருந்து அவர் சட்டைப்பையில் டீக்குச் சில்லறை வைப்பதை நிறுத்தினாள். ஒரு சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததும் கிட்டே போனாள்.

"வாயத் தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பழம் அழுகின மாதிரி ஒரு இனிப்பு வாடை. அவள் உள்ளே போனாள். அவர் வாயை மூட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அன்றைக்கு அவர் எதையும் கிண்டல் செய்யவில்லை.

ஊசி போடும்போது ஒருதரம் அவர் குப்பியை ஜன்னல் பக்கம் பிடித்தார்.

"இதுல ஏதோ பொடிப் பொடியா நிக்குது பாரு."

அவள் வாங்கிப் பார்த்தாள். "அடியில தங்கியிருக்கு. பருப்புத் தண்ணி நின்னா தங்கறதில்லையா, அந்த மாதிரி. நல்லா உருட்டுங்க."

"வேற வாங்கிப் பாக்கலாமா?"

"பிரிக்காத குப்பி ஏழு இருக்கு. அத என்ன பண்றது, தலையில தேச்சுக்கவா?"

அவர் உருட்டினார். பொடி மேலே எழும்பிக் கலங்கியது. ஊசியில் இழுத்துக் குத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, காய்ந்த இடத்தில் மறுபடி ஈரம் தெரிந்தது. காசு அளவுக்கு ஒரு வட்டம். இரண்டடி தள்ளி இன்னொன்று. அது கட்டில்வரை போயிற்று. கட்டிலில் வேன்காரர் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கால் காட்டுங்க."

வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் இடத்தில் கொப்புளம் உடைந்து குழியாகியிருந்தது. இன்ஜின் சூடு அந்த மிதிதகட்டில் எப்போதும் இறங்கும். பாதம் மரத்திருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. குனிந்து வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

உப்புத் தண்ணீரில் கழுவினாள். பழைய வேட்டியைக் கிழித்துக் கொதிக்கவைத்துக் காயவைத்துக் கட்டினாள். தினமும் அவிழ்த்தாள், கழுவினாள், கட்டினாள். கடையிலிருந்து ஓடி வந்து மத்தியானமும் ஒரு கட்டு. அவர் அந்தக் காலோடு வண்டி ஓட்டினார். லீவு போட்டால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார். பன்னிரண்டாவது நாள் விரல் கறுத்தது. வாடை வந்தது. பதிமூன்றாவது நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் குளிர்க் காய்ச்சல் வந்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது சனிக்கிழமை.

ஆஸ்பத்திரியில் கையில் குழாய் ஏற்றினார்கள். மூன்று வேளையும் ஊசி. மருந்து ஆஸ்பத்திரி மருந்து. ஞாயிறு இறங்கியது. திங்கள் இன்னும் இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலை பெரிய டாக்டர் கூடவே நாலு சின்ன டாக்டர்களோடு வந்து அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா. இங்க வந்ததும் எப்படி இறங்குது? இங்க திருட்டுத்தனமாத் திங்க முடியாது. அதான்."

சின்ன டாக்டர்களும் சிரித்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை இறங்கிட்டுது. ஆனா பாதத்தக் காப்பாத்த முடியாது," என்றார் டாக்டர். "கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல எடுத்தாகணும். வெள்ளிக்கிழமை."

"வண்டி ஓட்ட முடியுமா சார்?" என்றார் வேன்காரர்.

"மொதல்ல உயிரோட இருப்போம். வண்டியப் பத்தி அப்புறம் பேசுவோம்."

டாக்டர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். வேன்காரர் தன் வலது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டார். அந்தக் காலை வைத்துப் பிழைத்தவர். கட்டுக்குள்ளே அது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல ஒருதரம் அசைந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியைக் கையால் தடுத்தார்.

"ஒண்ணு சொல்றேன். திட்டு. ஆனா சத்தம் போடாத. பக்கத்துக் கட்டில்ல பெரியவரு தூங்கறாரு."

"என்ன?"

"தின்னேன்."

"என்னத்த?"

"கிரீம் பன்னு."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "எப்ப?"

"மத்தியானத்துல. வண்டி சும்மா நிக்கிற நேரம்."

"எந்தக் காசுல?"

"பிள்ளைங்களோட அம்மா யாராச்சும் கொடுப்பாங்க. லேட்டா வந்தா காத்துக்கிட்டு இருப்பேன்ல, அதுக்கு."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

அவள் சத்தம் போடவில்லை. குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மூச்சு விடாமல் திட்டினாள். நான் பன்னு கேட்டேனா, என் வாய்க்கு ருசி தெரியாதா, அரைச் சோப்புல குளிச்சது எதுக்கு, என்னைப் பைத்தியக்காரியாக்கினது எதுக்கு, வாயை மோந்து பார்க்கறவளாக்கினது எதுக்கு என்று. அவர் எல்லாவற்றுக்கும் ம், ம் என்றார். திட்டி முடித்தபோது அவளுக்கு நெஞ்சில் கட்டி நின்ற ஏதோ ஒன்று கரைந்திருந்தது. இத்தனை நாளாகத் தன் கை சொன்னது சரிதான். அதை நினைத்து ஒரு நொடி லேசாகக்கூட இருந்தது. பிறகு வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாளைக்குத்தான் மருந்து கொடுப்பார்கள். வியாழக்கிழமை காலை வார்டு சிஸ்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வெளியே வாங்கி வர வேண்டும். சீட்டில் இருந்தது அதே இன்சுலின்தான். வீட்டில் ஐந்து குப்பி இருக்கும்போது புதுசு எதற்கு? அவள் வீட்டுக்குப் போய்க் குளித்து, ஐந்து குப்பியையும் ஐஸ் பாட்டிலோடு சேர்த்துத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். வெயிலில் நடந்து வந்தும் குப்பிகள் சில்லென்று இருந்தன.

சிஸ்டர் ஒரு குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத எதுலம்மா வச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜுல."

"ஃப்ரீசர்லயா?"

"இல்ல சிஸ்டர், கீழதான்."

அவள் சொன்னாள். பகலில் ஃபிரிட்ஜை நிறுத்துவது, நாலு பாட்டில், இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு, அட்டையைக் கிழித்தது, துண்டு, எல்லாம். நடுவில் சிஸ்டர் இரண்டுதரம் வாயைத் திறந்தாள். அவள் விடவில்லை. ஒருநாள்கூடக் குளிர் விட்டதில்லை என்பதைச் சொல்லித்தான் நிறுத்தினாள்.

சிஸ்டர் குப்பியைக் கீழே வைத்தாள்.

"ஐஸ் இதத் தொடவே கூடாதும்மா. ஒருதரம் உறைஞ்சுதுன்னா மருந்து செத்துரும். அப்புறம் உருகினாலும் அது வெறும் தண்ணிதான்."

"நல்லாத்தானே இருக்கு."

"இந்தப் பொடி நிக்குது பாருங்க. அது நிக்கவே கூடாது."

"உருட்டினா கலந்துரும் சிஸ்டர்."

"கலக்கும். வேல செய்யாது. சர்க்கர ஏறி வாயில பழ வாடைகூட வந்திருக்குமே. எவ்ளோ நாளா இப்படி வைக்கறீங்க?"

அவள் துண்டை மடித்துக் கூடையில் வைத்தாள். சிஸ்டர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டே பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? செவ்வாக்கெழமயே எங்கிட்டக் கேட்டாரே. ஊசி போடப் போனா குப்பிய வாங்கி வாங்கிப் பாக்கறாரு. இதுல பொடியே இல்லையே சிஸ்டர்னாரு. ஐஸ் பட்டா மருந்து என்னாகும்னு கேட்டாரு. வீணாப் போயிரும்னு சொன்னேன். சரி சிஸ்டர்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. உங்ககிட்டச் சொல்லுவாருன்னு நெனச்சேன்."

செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறார். கிரீம் பன் புதன்கிழமை.

சிஸ்டர் ஐந்து குப்பியையும் ஒரே கையில் அள்ளி, காலால் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே போட்டாள். அவள் கை தானாக முன்னால் நீண்டது, பிடிப்பதற்கு. குப்பிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது. மூடி விழுந்தது.

"புதுசு வாங்கிட்டு வந்துருங்கம்மா. பன்னெண்டு மணிக்குப் போடணும்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கூடையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வந்துட்டியா? சாப்டியா?"

"செவ்வாக்கெழம சிஸ்டர்கிட்ட என்ன கேட்டீங்க?"

அவர் முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆயிரம் கேப்பேன். படுத்துக் கெடக்கறவனுக்கு வேற என்ன வேல."

"கிரீம் பன் தின்னீங்களா?"

"தின்னேன்."

"என் மேல கை வச்சுச் சொல்லுங்க."

"ஊசி குத்தின கை. தூக்க முடியல."

"நான்தான் உங்க கால..."

"வாய மூடு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் திரும்பிப் பார்த்தார். வேன்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரால போச்சுன்னு தெரிஞ்சா கால் திரும்ப மொளைக்குமா? சொல்லு. மொளைக்கும்னா நானே சொல்லிடறேன், மைக் போட்டு."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே."

"உனக்குத் தெரியாம இருக்கணும்னுதான் பாத்தேன். அந்த சிஸ்டர் வாய் சும்மா இருக்காது போல." அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "இங்க பாரு. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கு. இனிமே நான் சம்பாதிச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. வீடு உன் கையில. நீ சொன்னா அவ கேக்கணும். உன்ன நம்பணும். என்ன நம்பி என்ன ஆகப்போகுது?"

"அவகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் நான் சொல்லிட்டேன். நீ சும்மா இரு, போதும்."

"என்னால முடியாதுங்க."

"முடியும். நீ எதையும் பழகிப்ப."

அவள் வாங்க வேண்டிய மருந்துச் சீட்டு கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. எழுந்து போய் வாங்கி வந்தாள். சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மகள் வார்டு வாசலில் நின்று கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முகம். அம்மாவைக் கண்டதும் பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக அவர் கட்டிலுக்குப் போனார்கள். மகள் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த காலின் கட்டைப் பார்த்தாள். பேச்சு அழுகையாக வரவில்லை.

"அறிவிருக்காப்பா உனக்கு?"

"இருந்தா வேன் ஓட்டுவேனா?"

"சிரிக்காத. கிரீம் பன்னுக்கு யாராச்சும் காலக் கொடுப்பாங்களா?"

"நல்ல கிரீம் பன்னு."

"அப்பா!"

"நீ தின்னு பாத்திருக்கணும். அத அப்படியே கடிக்கக் கூடாது. ரெண்டாப் பொளந்து, மொதல்ல கிரீம விரலால வழிச்சு நாக்குல வைக்கணும். குளுகுளுன்னு இறங்கும். பன்னு அப்புறம்." அவர் கண்ணை மூடித் திறந்தார். பதினொரு வருஷமாக அவர் வாயில் ஒரு துளி சர்க்கரை பட்டதில்லை. "சில நாள் ரெண்டு. பெரிய மனசு பண்ணினா மூணு."

பக்கத்துக் கட்டில் பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எந்தக் கடையில?" என்றாள் மகள். "அவனப் போய்க் கேக்கறேன்."

"அவன் என்ன பண்ணுவான், பாவம். பஸ் டிப்போவுக்கு எதுத்தாப்ல இருக்கே, அந்த பேக்கரி."

டிப்போவுக்கு எதிரில் பேக்கரி கிடையாது. டயர் கடைதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பூட்டிய சரக்குக் கிட்டங்கி. அவள் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள்.

"அம்மா ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துச் செய்யறா. எனக்கு ஒரு மாசம்கூட லேட்டா அனுப்பினதில்ல. நீ என்னடான்னா அவ முதுகுக்குப் பின்னால... எப்படிப்பா மனசு வந்துச்சு? வீட்டுக்கு வந்து அவ மூஞ்சிய எப்படிப் பாத்த?"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

மகளுக்கு இப்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். விடுதியில் பால் வாங்காமல் இருந்ததைச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுவே ஒருதரம் அவர் பார்வை மகளைத் தாண்டி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியிடம் வந்தது. வந்து அங்கேயே நின்றது.

"நீ ஏம்மா பேசாம நிக்கற?" என்று மகள் திரும்பினாள். "நீ கேளும்மா. நீதான கேக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது முழுசாக நாக்கில் இருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. போர்வையின்மேல் இருந்த அவர் விரல்கள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"எத்தன தடவ சொன்னேன்," என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "கேட்டாரா?"

"கேக்கலியே," என்றார் வேன்காரர். விரல்களை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் வந்து அம்மாவைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முதுகைத் தடவினாள்.

"விடும்மா," என்றாள். "நீ என்னம்மா பண்ணுவ."